சகலை வெளிநாடு போகத் தயாரான விதம்

துணை இயக்குநர் சுழல்நாற்காலியில் அமர்ந்திருந்தார். அது சுழல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால், யாரையாவது பார்த்துப் பேசவேண்டுமென்றால் அவர்தான் இடுப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர்கீழே, நிர்வாக அலுவலர். காகிதம் பறக்காமலிருக்க இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். கதவோரம், சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு, கிடங்குக் காப்பாளர். சுவரோரம், முதுகு சாய வழியில்லாத முக்காலியில், வெளிநாடு போகப்போகிறவர். மேசையின் மூலையில், தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குழுவின் செயலாளர். ஆறாவது நாற்காலி காலி. அது வெளிநாட்டுத் தொடர்பு அலுவலருக்கு உரியது. அப்படியொரு பதவி இன்னும் உண்டாக்கப்படவில்லை என்றாலும் நாற்காலி போட்டாகிவிட்டது.

இப்படித்தான் அந்த மாதம் நாலாம் தேதி, வெளிநாட்டுப் பயண முன்தயாரிப்புக் குழுவின் முதல் கூட்டம் கூடியது.

அது எடை அளவுகளைச் சோதிக்கும் அலுவலகம். ஊரிலுள்ள தராசுகளெல்லாம் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. செயலாளராக உட்கார்ந்திருந்தவர் அங்கே கடிதப் பிரிவு எழுத்தர். எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். மாமனாருக்கு எழுதிய நலம்விசாரிப்புக்குக்கூட வருடவாரியாக நகல் உண்டு. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே நகல் என்று ஆகிவிட்டது.

முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் அவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் நகல், தங்கையைக் கட்டியவர் ஆய்வாளர். மாமனார் வாயில் ஒருவர் பெரிய மாப்பிள்ளை, மற்றவர் சின்ன மாப்பிள்ளை. ஒரே வீட்டில் பெரியவர் கீழே குடியிருந்தார், சின்னவர் மாடியில். காற்று மாடிக்குத்தான் வரும். வேலையில் எட்டு வருடம் பிந்திச் சேர்ந்த சின்னவர் ஜீப்பில் போய்த் தராசு பார்க்கிறார். பெரியவர் ஜன்னல் இல்லாத அறையில் கடிதம் எழுதுகிறார். இதையெல்லாம் நகல் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் வரிசை எண் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, எடைக்கருவிகளைச் சரிபார்ப்பது பற்றி நான்கு வாரக் குறுகியகாலப் படிப்பு நடத்துவதாகவும், இந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வரலாம் என்றும் எழுதியது. நகல் ஒன்பது பக்கத்தில் விண்ணப்பம் தயாரித்தார். பன்னிரண்டு இணைப்புகள். ஆறாம் வகுப்பில் கையெழுத்துக்காக வாங்கிய பாராட்டுச் சான்றிதழ் ஏழாவது இணைப்பு.

அன்று சாயங்காலம் சின்னவர் மாடிப்படி இறங்கி வந்தார். "அண்ணே, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன். உங்க கை பட்டா காரியம் நடக்கும்."

மறுக்க வாய் வரவில்லை. எழுத மனசும் வரவில்லை. வேண்டாவெறுப்பாக அரைப்பக்கத்தில் முடித்துக் கொடுத்தார். இணைப்பு ஒன்றுகூடக் கிடையாது.

பதில் வந்தது. வந்த விண்ணப்பங்களிலேயே சுருக்கமும் தெளிவும் உடையது இதுதான் என்று பாராட்டி, அரைப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒன்பது பக்கத்துக்காரரை, முதல் ஆள் வர முடியாமல் போனால் மட்டும், மாற்று ஆளாக வைத்துக்கொள்வார்களாம். தன் கஞ்சத்தனத்துக்கு இன்னொருவன் பரிசு வாங்கிப் போவதை நகல் அந்தக் கடிதத்தில் மூன்று தடவை படித்தார். பிறகு அதற்கும் ஒரு நகல் எடுத்தார்.

அலுவலகம் அனுப்பவேண்டிய சம்மதக் கடிதம் மூன்றே வரி. 'இன்னார் வருகிறார், ஏற்றுக்கொள்ளவும்.' இயக்குநர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு நாளைக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறவர், அதில் இது எத்தனையாவது என்று அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. அசல் கடிதம் முப்பதாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். விரைவுத் தபாலில் நான்கு நாள் ஆகும். ஆக, இருபத்தாறாம் தேதி மாலை ஐந்து மணிக்குத் தபால் நிலைய ஜன்னல் சாத்துவதற்குள் போட்டாக வேண்டும். உறையில் போட்டு ஒட்டி அனுப்பவேண்டியது நகலின் வேலை.

நகல் ஒட்டவில்லை. கடிதத்தை மூன்றாவது இழுப்பறையில், பழைய கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்தார். கோப்பில் பணிவாக ஒரு குறிப்பு எழுதினார்: 'வெளிநாடு செல்வோருக்கு முன்தயாரிப்பு எதுவும் தேவையா என்பது குறித்து வழிகாட்டுமாறு கோரப்படுகிறது.' இரண்டு நாள் தாமதம் ஆகட்டும், சின்னவர் கொஞ்சம் தவிக்கட்டும், அதற்குமேல் அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. குழு போடும் வழக்கம்தான் உண்டு.

முதல் கூட்டத்தில் துணை இயக்குநர் பேசினார். "வெளிநாடுன்னா லேசில்ல. எனக்கு இந்த விஷயத்துல முப்பத்தோரு வருஷ அனுபவம். ஒரு தடவைகூட என்னை அனுப்பல. அனுப்பப்படாம இருக்கிறதுல என்னென்ன சிரமம் இருக்குன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால இவரைச் சும்மா அனுப்பிட முடியாது."

மாற்று ஆளே செயலாளராக இருப்பது முறையா என்று சின்னவர் கேட்கவில்லை. கிடங்குக் காப்பாளர்தான் கேட்டார். நிர்வாக அலுவலர் எடைக்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, போகிறவன் எங்கே தடுக்கி விழுவான் என்று அடுத்து நிற்கிறவனைவிட அக்கறையாக யார் கவனிப்பார்கள் என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். நகல் அதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் பதிந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், மாடியில் உண்மையான முன்தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது. சின்னவரும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினார்கள். கடவுச்சீட்டுக்கு மூன்று பிரதி, ஒன்று வீட்டில். மருந்துகளும் டாக்டர் சீட்டும் கைப்பையில். அந்த ஊர் மின்துளைக்குப் பொருந்தும் பிளக். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஸ்வெட்டர். தங்குமிடத்தின் முகவரி ஒரு துண்டுத் தாளில், சட்டைப் பையில். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நகலின் மனைவி பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "என்ன நறுவிசா எழுதி வச்சிருக்கார் தெரியுமா, நம்ம சின்னவர்?"

"பட்டியல்ல வரிசை எண் போட்டிருக்கானா?"

"இல்லை."

"நினைச்சேன்" என்றார் நகல். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

மாமனார் போன் செய்தார். பெரிய மாப்பிள்ளை உடம்பு சௌக்கியமா என்று ஒரு வரி; மீதி முழுக்க சின்ன மாப்பிள்ளை எந்த விமானத்தில் போகிறார், அங்கே எத்தனை டிகிரி குளிர் என்பதுதான். கடைசியில், "அவர் சின்னப் பிள்ளை, விவரம் பத்தாது, நீங்கதான் கூட இருந்து எல்லாம் பண்ணி அனுப்பணும்" என்றார். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா என்று நகல் பொய் சொல்லாமல் பதில் சொன்னார்.

இரண்டாம் கூட்டம் குளிர்ப் பயிற்சி. வெளிநாட்டில் குளிரும் என்று குழுவுக்கு நம்பகமான தகவல் வந்திருந்தது. ஐஸ் தொழிற்சாலையில் பயணியை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, குழு கண்ணாடிக்கு வெளியே நின்று டீ குடித்தபடி கவனித்தது. பயணி நடுங்குவதை நிர்வாக அலுவலர் நிமிடக் கணக்கில் குறித்தார். பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. சின்னவர் உள்ளே எழுந்து போய் அங்கிருந்த தராசைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் இருநூறு கிராம் தள்ளி நிற்கிறது என்று சரிசெய்தும் கொடுத்துவிட்டார். தொழிற்சாலை முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பயணி பயிற்சியில் கவனம் செலுத்தவில்லை என்று குழு வருத்தத்தோடு பதிவு செய்தது. நகல் அந்த வரியை நல்ல மசியில் எழுதினார்.

மூன்றாம் கூட்டம் பெட்டி எடை. விமானத்தில் இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். ஊருக்கெல்லாம் எடை சரிபார்க்கும் அலுவலகத்தில் இது ஒரு காரியமா என்று பெட்டியை வைத்தார்கள். முதல் தராசு இருபத்திரண்டு கிலோ நானூறு காட்டியது. இரண்டாவது சரியாக இருபத்து மூன்று. இயக்குநர் அறைக்கு வெளியே அழகுக்காக வைத்திருந்த பெரிய பித்தளைத் தராசு இருபத்து நாலேகால். மூன்றிலும் அந்த அலுவலகத்தின் முத்திரையே இருந்தது.

நிர்வாக அலுவலர் மூன்று முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார். சின்னவர் மெதுவாக, இந்தப் படிப்பே இதைப் பற்றியதுதான் என்று சொல்லப் பார்த்தார். துணை இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். "மூணுமே நம்ம தராசு. ஒண்ணைச் சரின்னு சொன்னா மத்த ரெண்டுக்கும் அவமரியாதை. ஓட்டுக்கு விடலாம்."

இருபத்து மூன்றுக்கு ஒரு ஓட்டு, இருபத்து நாலேகாலுக்கு இரண்டு. பெட்டியின் எடை பெரும்பான்மையால் இருபத்து நாலேகால் என்று தீர்மானமாயிற்று. கூடுதல் எடையைக் குறைக்க ஸ்வெட்டரை எடுக்கச் சொன்னார்கள்.

நாலாம் கூட்டத்தில் நடைக்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமானமாக்கினார்கள். பழைய ஜீப்பின் பெல்ட்டைக் கழற்றி வந்து பயணியைக் கட்டினார்கள். ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்பதில் நிர்வாக அலுவலருக்கும் கிடங்குக் காப்பாளருக்கும் மனஸ்தாபம் வந்தது. பார்க்க வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்தான் இருந்தது; ஆனாலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விமானம் இரண்டே கால் மணி நேரம் பறந்தது. அதற்குள் கதவுக்கு வெளியே தராசுக்கு முத்திரை குத்த வந்த பதினேழு வியாபாரிகள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஐந்தாம் கூட்டத்தில் தனிமைப் பயிற்சி. வெளிநாட்டில் பேச்சுத்துணை இருக்காது. ஆகவே மூன்று நாள் யாரும் பயணியோடு பேசக்கூடாது. இந்த ஒரு பயிற்சியை மட்டும் அலுவலகம் முழுவதும் முழுமனதாக, ஒரு குறையும் இல்லாமல் நடத்திக் கொடுத்தது. உறவினரும் கட்டுப்பட வேண்டும் என்று நகலிடம் எழுத்தில் உறுதி வாங்கினார்கள்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இதுக்குப் பயிற்சி வேறயா உங்களுக்கு? ஒரு மாசமா மாடிப்பக்கம் முகம் குடுத்தா பேசுறீங்க?"

"எனக்கு என்ன வந்தது? நான் செயலாளர். விதிப்படி நடக்கிறேன்."

"விதியா? கண்ணாடியில பாருங்க. உங்க வயிறு எரியறது எனக்கு இங்க வரைக்கும் சுடுது."

மூன்றாம் நாள், இருபத்தைந்தாம் தேதி, நகலின் மேசை மேல் நாலாய் மடித்த ஒரு தாள் இருந்தது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியவருக்கு, யாரும் எழுதிக் கடிதம் வந்ததில்லை. பிரித்தார். தேதி இல்லை. ஓரம் விடவில்லை. எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கியது. இந்தக் கையெழுத்துக்கு வெளிநாடு ஒரு கேடா என்று நினைத்தபடியே படித்தார்.

'அண்ணனுக்கு, பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. நான் இல்லாதபோது மாடித் தொட்டி நிரம்பினால் வால்வை இடப்பக்கம் திருப்ப வேண்டும், இறுக்கிவிட்டால் உடைந்துவிடும். உங்கள் கொழுந்தியாளுக்கு அது வராது, நீங்கள்தான் பார்க்கவேண்டும். இன்னொன்று. சம்மதக் கடிதம் இன்னும் போகவில்லை. முதல் வாரமே தபால் பதிவேட்டைப் பார்த்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பக்கம் எழுதியவர் நீங்கள். யாருக்கு ஆசை அதிகம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள். யாருக்கும் தெரியவேண்டாம், வீட்டிலும்.'

அரைப்பக்கம்தான். இணைப்பு இல்லை.

நகல் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பதிவேட்டைப் பார்த்திருக்கிறான். பார்த்த பிறகும் ஐஸ் தொழிற்சாலையில் உட்கார்ந்திருக்கிறான், பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை நகல் அன்று வீடு போகும் வழியெல்லாம் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே நடந்தார். மாடிப்படியின் அடியில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் இருபத்தாறு. ஆறாம் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. துணை இயக்குநர் இடுப்பைத் திருப்பி முக்காலியைப் பார்த்தார். பயிற்சிகளின் முடிவில் குழு மனவேதனையோடு கண்டது என்னவென்றால், பயணி குளிரில் நடுங்க மறுக்கிறார், பெட்டி எடை கூடுதல், தனிமையில் கடிதம் எழுதுகிறார். கடிதம் எழுதியதைக் கிடங்குக் காப்பாளர் பார்த்துவிட்டிருந்தார்; யாருக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நகல் பேனாவை மசி இல்லாத இடத்தில் தொட்டு எழுதினார்.

"இந்த நிலையில இவரை அனுப்புறது பொறுப்பில்லாத காரியம்" என்றார் துணை இயக்குநர். "ஆனா தப்பு இவர்மேல இல்ல. அங்க என்ன இருக்குன்னு நமக்கே தெரியாம எப்படித் தயார் பண்ண முடியும்? அதனால முதல்ல குழு போகணும். ஒரு வாரம். நேர்ல பார்த்துட்டு வந்து, அப்புறம் இவருக்குப் பயிற்சி. எனக்கு இதுல சொந்த ஆசை எதுவும் கிடையாது. கோட்டு தைச்சு வச்சுப் பன்னிரண்டு வருஷமாச்சு, ஒருநாள் வாய்விட்டுக் கேட்டிருப்பேனா? பூச்சி அரிக்குதான்னு வாராவாரம் எடுத்து மட்டும் பார்ப்பேன்."

நிர்வாக அலுவலருக்குக் கண் கலங்கியது. தனக்கும் ஆசை இல்லை என்றார். ஆனால் ஜன்னலோர இருக்கை என்றால் கடமையைத் தட்டமாட்டாராம். கிடங்குக் காப்பாளர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அப்படியானால் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும் என்றார்.

"இவருக்குப் பதிலா மூணு பேரை எடுத்துக்கச் சொல்லி இன்னிக்கே கடிதம் எழுதுங்க" என்றார் துணை இயக்குநர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நாலு பேர்னே எழுதுங்க. செயலாளர் இல்லாம குழு ஏது?"

நகலின் பேனா நின்றது. விமானம், குளிர், ஒன்பது பக்கம், ஏழாவது இணைப்பு, மாமனாரின் போன், எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்தன. தலையை மட்டும் ஆட்டினால் போதும். நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தார். மூன்று முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சுருக்கம், உதட்டோரத்தில், இடப்பக்கமாக. அதை அவர் எங்கேயோ பார்த்திருந்தார். தினமும் காலையில், சவரக் கண்ணாடியில்.

முக்காலியைப் பார்த்தார். சின்னவர் குழுவைப் பார்க்கவில்லை. நேராக இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல், ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறவரைப் போல.

அப்போதுதான் நகலுக்கு உண்மையான பொறாமை வந்தது. இத்தனை நாள் வந்ததெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. மாடிக் காற்று அவனுக்கு, ஜீப் அவனுக்கு, வெளிநாடு அவனுக்கு. விட்டுக்கொடுத்தவன் என்ற பெயரும் அவனுக்கேவா? அதிலும் அவன்தான் முந்திக்கொள்வானா? அதை மட்டும் விடமுடியாது.

"இணைப்புகள் சேர்க்கணும்" என்று நகல் எழுந்தார். "ஆறு கூட்டத் தீர்மானம், மூணு தராசோட எடைச் சான்று, ஒவ்வொண்ணுலயும் மூணு பேர் கையெழுத்து. இணைப்பு சேராம கடிதம் போகாது. விதி அப்படி."

எவ்வளவு நாளாகும் என்று துணை இயக்குநர் கேட்டார்.

"முறையாச் செஞ்சா அடுத்த மாசம் பத்து."

முறையாகவே செய்யுங்கள் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மணி நாலு இருபது.

நகல் தன் அறைக்கு வந்து மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார். கார்பன் தாள்களுக்கு அடியில் அந்த மூன்று வரி அப்படியே இருந்தது. ஓரத்தில் லேசாகக் கருநீலம் ஒட்டியிருந்தது, இயக்குநரின் கையெழுத்தைத் தொடவில்லை. கையெழுத்தான கடிதத்துக்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. இருபத்து மூன்று நாளாக அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இணைப்பு இல்லாத கடிதம் அன்றைக்கே போகலாம். உறையில் முகவரி எழுதினார். தனக்கென்று எழுதியிருந்தால் எழுதக்கூடிய அதே கையெழுத்தில் எழுதினார். அதில் குறை வைக்கக் கை வரவில்லை. பதிவேட்டில் தேதி, எண், 'இணைப்பு ஏதுமில்லை'.

ஒரு துண்டுத் தாளில் இன்னும் இரண்டு வரி எழுதினார். 'வால்வைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்வெட்டரை எடுக்காதே, பெட்டி இருபத்து மூன்றுதான்.' போகிற வழியில் அதை முக்காலி மேல் வைத்தார். அதற்கு நகல் எடுக்கவில்லை.

தபால் நிலையத்துக்கு அவரே நடந்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஜன்னலருகே இருந்த பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு உறையின் ஓரத்தில் இழுத்தார், கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார், உள்ளங்கையால் இன்னொருமுறை அழுத்தினார். ஜன்னலுக்குள் இருந்த பெண் உறையைத் தராசில் போட்டாள். போடுவதற்கு முன்பே முள் பூஜ்யத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு கடிதமே எழுதியிருப்பார்.

அவள் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்தாள். அது மற்ற உறைகளின் மேல் சறுக்கி, முகவரி தெரிய மல்லாந்து விழுந்தது. குளிர்ப் பயிற்சி இல்லை, பெல்ட் இல்லை, ஓட்டு இல்லை. நான்கே நாளில் அது வெளிநாட்டில் இருக்கும். நகல் ஜன்னல் சாத்தும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார், வயிறு எரிய.